வண்டியே வராத வழி

அரை மணி நேரத்தில் பஸ்ஸில் போய் இறங்கிவிடக்கூடிய ஊருக்கு, உப்பளத்து வரப்பு வழியாக சைக்கிளில் போய்ச் சேருகிறேன் என்று கிளம்பியவன் நான். யாரும் பந்தயம் கட்டவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே என்று சொன்னவர்கள்தான் இருந்தார்கள், அவர்களும் அன்பாகத்தான் சொன்னார்கள். இதற்கு முட்டாள்தனம் என்பதைவிட மரியாதையான சொல் ஏதாவது இருக்கிறதா என்று இத்தனை வருஷமாகத் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

அப்போது மரக்காணம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் அந்த சைக்கிள் என்னிடம் வந்து சேர்ந்தது. இடையஞ்சாவடியில் என் மனைவி வழி உறவுக்காரர் ஒருவர் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்த்துவந்தார். அவர் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரர் தன் ஊரைப் பார்க்கத் திரும்பிப் போகும்போது, யாருக்காவது உதவட்டும் என்று சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். உறவுக்காரர் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது யாருக்கும் உதவாது என்று கண்டுபிடித்து, என்னிடம் தள்ளிவிட்டார்.

கியர் வைத்த சைக்கிள். டயர் இரண்டும் கொட்டை கொட்டையாக, ஒரு குட்டி டிராக்டருக்குப் போட வேண்டியதைத் தவறிப்போய் இதற்குப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, பெல், மட்கார்டு எதுவும் கிடையாது. முதல்நாள் டீக்கடைச் சுவரில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் பெருமையாக நின்றபோது டீக்கடைக்காரர் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னாப்பா, வெள்ளைக்காரன் பாதி சைக்கிள்தான் குடுத்தானா? மீதி எப்ப வரும்?”

அதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே ஒரு நாள்தான் ஓட்டினேன். பாண்டிச்சேரி போகும் பஸ் ஒன்று என்னைத் தொடவே இல்லை. அதன் காற்றுதான் தொட்டது. நான் சவுக்குத் தோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் எனக்கு அந்த ஞானம் வந்தது: வண்டியே வராத வழியில் போவது. உப்பளத்து வரப்பு, கால்வாய்க் கரை, கழுவெளிச் சதுப்பு ஏரி ஓரம், சவுக்குத் தோப்புக்கு நடுவே மாட்டு வண்டி போய்ப் போய் விழுந்த செம்மண் தடம். ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்பினால் வெயில் ஏறும்வரை ஒரு ஹாரன் சத்தம் கேட்காது. டயருக்கடியில் சரளை நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். அப்பளம் தின்கிற சத்தம் மாதிரியே இருக்கும், அதனால் எனக்குச் சீக்கிரமே பசி எடுத்துவிடும்.

மனிதர்கள்தான் பிரச்சினை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“யார தேடுற?”

“யாரையும் இல்லங்க. சும்மா ஓட்டுறேன்.”

“சும்மா எதுக்கு ஓட்டுற?”

மிதித்துக்கொண்டே போய்விடுவேன். அடுத்த வாரம் அதே ஆள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வீட்ல எதனா சண்டையா?”

இப்படியே மாசி மாதம் வந்துவிட்டது. பிரம்மதேசத்தில் வாக்கப்பட்ட என் தங்கச்சியின் மகளுக்கு அந்த ஊர்க் கோயிலில் காது குத்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மா போன பிறகு, தங்கச்சிக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருவன்தான். தோடு, பாவாடை, பழத்தட்டு எல்லாவற்றையும் என் மனைவி பிள்ளைகளோடு முதல்நாளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கொண்டுபோக வேண்டியது என் மடி ஒன்றுதான்.

அதுவும் சந்தேகத்துக்குரிய மடியாகிவிட்டிருந்தது. தங்கச்சியின் வளைகாப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. அதை நான் சொன்னபோது அவள் மாமியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த ஆட்டலை நான் இன்னும் மறக்கவில்லை.

காது குத்துக்கு இரண்டு நாள் முன்பு தங்கச்சி கடைக்கு போன் செய்தாள்.

“அண்ணா, எதுல வர்றே?”

“இன்னா கேள்விம்மா இது. சைக்கிள்லதான்.”

போன் செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

“அண்ணா, நான் சொல்றத கேளு. எங்க அத்த, நம்ம பெரியப்பா பையன் மடியில உக்கார வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. அவனும் மாமன் முறதானே, நேரத்துக்கு வர்ற ஆளுன்னு. நான்தான் சண்ட போட்டேன். எங்கூடப் பொறந்தவன் இருக்கும்போது இன்னொருத்தர் மடி எதுக்குன்னு எல்லார் எதிர்லயும் கேட்டுட்டேன். இந்த ஒரு தடவ பஸ்ஸுல வந்துடுண்ணா.”

“பாத்துக்கலாம்மா. நீ கவலப்படாத.”

பாத்துக்கலாம் என்பதைப் போல வசதியான சொல் தமிழில் வேறு இல்லை. சொல்கிறவனும் தப்பித்துவிடுவான், கேட்கிறவரும் ஏதோ நடக்கும் என்று நம்பிக்கொள்வார்.

நான் ஏன் பஸ்ஸில் போகவில்லை என்றால், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இருக்கும்போது பந்தலுக்குள் அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைவதை ஒரு மாதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். தார் ரோட்டையே தொடாமல் பிரம்மதேசம் வரை போகலாம் என்று நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று. உண்மையில் பாதி வழிதான் போய்ப் பார்த்திருந்தேன். மீதியும் அதே மாதிரிதான் இருக்கும் என்பது என் ஆராய்ச்சி.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டு வேட்டி சட்டையை மடித்து முதுகுப் பையில் வைத்தேன். பையில் ஏற்கெனவே அந்த சைக்கிளுக்கென்றே உள்ள சின்ன பம்பு இருந்தது. இரண்டும் சேர்ந்தால் வேட்டி கசங்கும். பம்பை எடுத்து வீட்டில் வைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் திண்டிவனம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் எனக்குப் பழக்கம், என் கடையில்தான் பிள்ளையின் சர்டிபிகேட்டுகளை நகல் எடுப்பார். டீ டம்ளரோடு கேட்டார்.

“பிரம்மதேசம்தானே? ஏறு. ஜன்னல் சீட்டு காலியா இருக்குது.”

“நீங்க போங்க, நான் பின்னாலயே வர்றேன்” என்று கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

உப்பளத்தில் திரும்பி, போன வாரம் போன அதே வரப்பில் ஏறினேன். போன வாரம் அது காய்ந்து, கல்லாக இருந்தது. சீசனுக்காக இந்த வாரம் பாத்திகளை மிதித்துச் சீராக்கி, வரப்புக்கெல்லாம் புதுச் சேறு அப்பியிருந்தார்கள். மேல்பக்கம் பார்க்கப் பளபளவென்று சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. நான் அதை நம்பினேன். சக்கரம் நம்பவில்லை, உள்ளே போய்விட்டது. போனது போகட்டும் என்று அழுத்தி மிதித்ததில், நின்று பார்த்தபோது எனக்குப் பின்னால் வரப்பு முழுக்க முதுகெலும்பு மாதிரி ஒரு தடம் ஓடியிருந்தது.

மேஸ்திரி வந்தார். ஓடிக்கூட வரவில்லை, நடந்துதான் வந்தார். அதுதான் பயமாக இருந்தது.

“ஏம்பா, கண்ணு இருக்குதா இல்லயா? நேத்து அப்புன வரப்பு.”

“தெரியலங்க. போன வாரம் வந்தப்ப நல்லா இருந்துச்சு.”

“போன வாரம் உனக்கு நல்லா இருந்துச்சு. இந்த வாரம் எங்களுக்கு நல்லா இருக்க வேணாமா?”

பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள்: “அண்ணே, வுடுங்க. அவரு வீட்ல சண்ட. அதான் சுத்திக்கினு இருக்குறாரு.”

செய்தி பரவியிருந்தது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் மேஸ்திரி விடவில்லை. வந்த வழியெல்லாம் குனிந்து, கையால் சேறு அள்ளி, நான் போட்ட தடத்தை நானே மூடிவிட்டுப் போகச் சொன்னார். காது குத்து என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கு என்று விசாரித்தார். தங்கச்சி மகளுக்கு என்றேன். “அப்ப சீக்கிரம் அப்பு” என்றார்.

அங்கிருந்து சுற்றிக்கொண்டு கழுவெளி ஓரம் வந்தபோது பேண்டில் ஒட்டிய சேறு காய்ந்து, உப்பு பூத்து, முழங்காலிலிருந்து கீழே சுண்ணாம்பு அடித்தது போல் ஆகியிருந்தது. பரவாயில்லை, பையில் பட்டு வேட்டி இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதல் அடுத்த திருப்பம் வரைதான் வந்தது. வேலிக்காத்தான் முள் ஒன்று பின் டயரில் ஏறி, உஸ் என்று ஒரு பெருமூச்சு விட வைத்தது. அப்படி ஒரு பெருமூச்சை என் மனைவியிடம்தான் அதுவரை கேட்டிருந்தேன்.

வண்டியே வராத வழியில் ஒரு கஷ்டம் உண்டு. வண்டியே வராது. டிராக்டர், மாட்டு வண்டி, மொபெட்டு, எதுவும் இல்லை. கொக்குகள் இருந்தன. வெள்ளை வெள்ளையாக வரிசையில் நின்று, நான் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தன. ஸ்டாண்டு இல்லாததால் அதைக் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கக்கூட முடியவில்லை. கீழே படுக்க வைத்தால் செயினில் மண் போகும். தோளில் சாய்த்துக்கொண்டே நின்றேன், குடித்துவிட்டு வந்தவனைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி.

தள்ளித் தள்ளி ஒரு சின்ன ஊரில் போய் நின்றபோது வாசலில் நாலைந்து வாடகை சைக்கிள்களோடு ஒரு சைக்கிள் கடை தெரிந்தது. அந்தக் கடையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. கடைக்காரர் முள்ளைப் பிடுங்கி, டியூபை எடுத்து, ஒட்டுப் போட்டு, பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

“இன்னாங்க இது, மூக்கு இவ்ளோ ஒல்லியா இருக்குது? காத்து அடிக்கறதுக்கா, ஊசி போடறதுக்கா?”

அந்த சைக்கிளின் டியூப் மூக்கு நம் ஊர் மூக்கு இல்லை. ஈர்க்குச்சி கனம்தான் இருக்கும். எந்த பம்பும் அதைக் கவ்வாது, அதற்கென்று உள்ள பம்பைத் தவிர. அந்த பம்பு மரக்காணத்தில் என் கட்டிலுக்கடியில் இருந்தது. என் முதுகில் கசங்காத வேட்டி இருந்தது.

துணியைச் சுற்றிப் பார்த்தார், வாழைநாரைக் கட்டிப் பார்த்தார், காற்று எங்கள் இருவர் முகத்திலும்தான் அடித்தது. கடைசியில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“நேரமாவுதுன்றீங்க. இதோ வாடகை வண்டி நிக்குது, எடுத்துக்கினு போங்க. தார் ரோடு இப்பிடித் திரும்புனா வந்துடும். உங்க வண்டி இங்கயே இருக்கட்டும், எவனும் தூக்கிக்கினு போவ மாட்டான். ஓட்டத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல இல்ல.”

நான் வாடகை சைக்கிளைப் பார்த்தேன். கேரியர் இருந்தது. ஸ்டாண்டு இருந்தது. பெல் இருந்தது. பின்னால் மட்கார்டில் பெரிதாகக் கடை நம்பர் எழுதியிருந்தது. முழு சைக்கிள். அதில் ஏறியிருந்தால் நேரத்துக்குப் போயிருப்பேன். பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்ததல்ல இது, அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். ஆனால் நம்பர் போட்ட வாடகை சைக்கிளில் பந்தலில் போய் இறங்கினால், வெள்ளைக்கார சைக்கிள் எங்கே என்று மாப்பிள்ளை கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன். தங்கச்சி யாரிடம் சண்டை போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள் என்பதை நினைத்தேன், நினைத்தேன்தான், ஆனால் மாப்பிள்ளை கேட்கப்போகும் கேள்விதான் சத்தமாகக் கேட்டது.

எதிரே ஒரு வைக்கோல் போர். சின்ன வயதில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது, டயருக்குள் வைக்கோலைத் திணித்தால் ஓட்டலாம் என்று. கடைக்காரரைக் கொண்டே டியூபை எடுத்துவிட்டு, வைக்கோலை முறுக்கி முறுக்கித் திணித்தேன். சக்கரம் சில இடத்தில் வீங்கியும் சில இடத்தில் வற்றியும் வந்தது. கடைக்காரர் அதைச் சுழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்து, “மாடு கண்ணுல காட்டாதீங்க” என்றார்.

ஏறினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சீட்டு என்னை மேலே தூக்கிக் கீழே வைத்தது. ஆனாலும் ஓடியது. சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, கடிகாரத்தைப் பார்த்தபோது இன்னும் நேரம் இருந்தது. ஏரிக்கரை இறங்கி, பிரம்மதேசத்துக்குப் போகிற ஒற்றைத் தார் ரோட்டில் திரும்பினேன். தார்தான், ஆனால் வண்டியே வராத ரோடு. அதனால்தான் அதன் மேல் ஊர் மொத்தமும் உளுந்தை உலர்த்தியிருந்தது.

செடி செடியாகப் பிடுங்கி வந்து ரோடு முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். வண்டி ஏறி ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து உதிரும், ஆள் அடிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். நான் இறங்கித் தள்ளப் பார்த்தேன். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் பெரியவர் எழுந்தார்.

“ஏம்பா, எங்க எறங்குற? ஏறி ஓட்டு.”

“உளுந்து நசுங்கிடுமேங்க.”

“நசுங்கத்தான் போட்டுருக்குது. காலைலருந்து ஒரு வண்டி வரல. ஒரு லாரிய அனுப்ப சாமிக்கு மனசு வரல, உன்னத்தான் அனுப்பிச்சிருக்குது. நல்லா தடியா வேற இருக்குது டயரு. இப்பிடியே ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டுப் போ.”

“காது குத்துக்குப் போறேங்க. நான்தான் தாய்மாமன்.”

“அப்ப ஒரு ரவுண்டு.”

பேசிக்கொண்டிருப்பதைவிட ஓட்டிவிடுவது சுலபம் என்று ஏறினேன். நடுவில் போகும்போது சக்கரம் வழுக்கியது. விழவில்லை, அதைவிட மோசமானது நடந்தது. வீங்கிய இடத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, வைக்கோல் கொத்துக் கொத்தாக வெளியே வந்து, அவர்களுடைய உளுந்தின் மேல் ரோடு நீளத்துக்கும் சிதறியது.

அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். “காது குத்துக்குப் போறவன் டயருக்குள்ள எதுக்குப்பா வைக்கோல எடுத்துக்கினு போற?”

இளையவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “சீரு போல இருக்குது, அத்த.”

அவர்கள் சிரித்து முடித்ததும் என்னைக் குனிய வைத்துவிட்டார்கள். புடைக்கும்போது வைக்கோல் கலந்திருந்தால் எவ்வளவு வேலை என்று விளக்கினார்கள். நான் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன். வரப்பு அப்பியாயிற்று, உளுந்து மிதித்தாயிற்று, காலையிலிருந்து மூன்றாவது முறையாக அடுத்தவர் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். என் வேலை, ஓர் இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்காருவது, அது ஒன்று மட்டும் நடக்கவில்லை.

மீதி தூரத்துக்கு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோயில் பக்கத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது. மேளம் அடித்துக்கொண்டிருக்கிறவரை நேரம் இருக்கிறது என்று ஓடினேன். கோயில் தெரு முனை திரும்பும்போது மேளம் வேகமெடுத்தது. அதற்கும் மேலாக, மைக் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள் போல, ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் ஒலிபெருக்கி வழியாக அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. கொஞ்சம் நின்று, இரண்டாவது தடவையும் அழுதது. இரண்டு காது.

நான் ஓடுவதை நிறுத்தி நடந்தேன்.

பந்தல் போட்ட கோயில் மண்டபத்தில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பையன், வெள்ளை வெளேரென்ற வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மருமகள், வாயில் சர்க்கரையை வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், குழந்தை இருந்ததால் முடியவில்லை. பத்தரைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கடைசி வரை காத்திருந்திருக்கிறார்கள்.

தங்கச்சியின் மாமியார் என் உப்புப் பூத்த கால்களையும் தோளிலிருந்த சைக்கிளையும் பார்த்தார். தலையை ஆட்டினார். மாப்பிள்ளை முன்னால் வந்து, “வாங்க மச்சான். மொத பந்தி ஆரம்பிச்சாச்சு, கை கழுவிக்கிங்க” என்றார். வெள்ளைக்கார சைக்கிளைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. என் மனைவி தூணோரமாக நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளைச் சாய்த்து வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. ஸ்டாண்டு இல்லையே. அதைப் பிடித்துக்கொண்டே தங்கச்சி முன்னால் போய் நின்றேன். அவள் பட்டுப்புடவையில், கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்றாள். அழுதிருந்தாளா என்று தெரியவில்லை, குழந்தைக்கு வலித்தால் தாய்க்கும் கண் சிவக்கத்தான் செய்யும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதுச் சேறு அப்பிய வரப்பு, மேஸ்திரி, வேலிக்காத்தான் முள், ஒல்லி மூக்கு, வைக்கோல், உளுந்து எல்லாவற்றையும் வரிசையாக, அவள் சிரித்துவிடுவாள் என்ற நம்பிக்கையில், நடுநடுவே நடித்தும் காட்டினேன். வாடகை சைக்கிளை மட்டும் சொல்லவில்லை. “இன்னா பண்றதும்மா, நான் வந்த வழியில வண்டியே கெடையாது” என்று முடித்தேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“பஸ்ஸு சரியாத்தாண்ணா வந்துச்சு.”